தொண்ணூற்று நாலு சதவீத மூச்சு

இரவு வேலை முடிந்து வெளியே வந்தபோது ஆலையின் அறிவிப்புப் பலகையைச் சுற்றிக் கூட்டமாக இருந்தது. எட்டிப் பார்த்தேன். பச்சை மையில் பெரிய எழுத்து: "நம் தொழிலாளிகளின் நுரையீரல் நலம்." கீழே சிரிக்கிற பெண் ஒருத்தியின் படம். அவள் எங்கள் ஆலைக்காரி இல்லை. அதற்கும் கீழே கணக்கு. இருபது ஆண்டுக்கு மேல் சிகரெட் சுருட்டும் பெண்களின் சராசரி மூச்சுத் திறன் தொண்ணூற்று நாலு சதவீதம். குடுஸ் நகரில் வீட்டோடு இருக்கும் பெண்களுக்குத் தொண்ணூற்று மூன்று.

அதாவது, இருபது வருடம் புகையிலைத் தூசியையும் சிகரெட்டில் கலக்கிற கிராம்புத் தூளையும் முகர்ந்துகொண்டு உட்கார்ந்தால் ஒரு சதவீதம் கூடுதலாக மூச்சு வரும். அப்படி எழுதி, சட்டம் போட்டு, மாட்டியிருந்தார்கள்.

என் அக்கா ஙத்மி அந்தக் கணக்கில் ஒருத்தி. இருபத்து மூன்று வருடமாகச் சுருட்டுபவள். முந்தின நாள் சாயங்காலம் சமையலறையிலிருந்து வாசலுக்கு வருவதற்குள் இரண்டு முறை சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் கேட்டிருந்த சிகிச்சை உதவியைக் கம்பெனி போன வாரம்தான் மறுத்திருந்தது. வேலையால் வந்த நோய் என்றால் முழுச் செலவும் கம்பெனியுடையது. ஆனால் நீண்ட காலம் வேலை பார்த்தவர்களின் நுரையீரல் நன்றாக இருப்பதாக ஆய்வு சொல்கிறதாம். ஆகையால் இது வேலையால் வந்ததில்லையாம். வீட்டில் கணவர் புகைப்பதால் வந்ததாம்.

பலகை முன்னால் நின்று சிரித்தேன். பக்கத்தில் நின்றவர்கள் நகர்ந்து போனார்கள்.

அந்தத் தொண்ணூற்று நாலு எப்படி வந்தது என்று அங்கே நின்ற ஒவ்வொரு பெண்ணுக்கும் தெரியும். எங்கள் ஊரில் சுருட்டும் பெண் படுத்துவிட்டால் இடம் போய்விடக் கூடாது என்று மகளையோ தங்கையையோ தன் வேலை அட்டையோடு அனுப்பி வைப்பாள். அம்மாவின் அட்டை, அம்மாவின் சுருட்டுப் பலகை, அம்மாவுக்கு ஜோடியாக சிகரெட் நுனி வெட்டுகிற அதே பெண். மேஸ்திரிக்கு வேலை முடியும்போது எண்ணிக்கை வந்தால் போதும், கை யாருடையது என்று கேட்க மாட்டாள். வருடக்கணக்காக இப்படித்தான் நடக்கிறது. ஆய்வுக்காரர்கள் குழாயும் பெட்டியுமாக வந்த நாளிலும் இப்படித்தான் நடந்தது. அக்காவின் அட்டையோடு போய் ஊதியவள் அவள் மகள் ராத்ரி. வயது இருபது.

மத்தியானம் ராத்ரி வேலை முடிந்து வந்ததும் வராததுமாகப் பிடித்துக்கொண்டேன்.

"ஏண்டி, எதுக்குடி அப்படி ஊதினே?"

"நான் என்ன மாமா பண்ணேன்? அந்த நர்ஸ் காதுகிட்ட வந்து ஊது ஊது ஊது, விடாத விடாதன்னு கத்துச்சு. நானும் ஊதினேன். முடிச்சதும் கைதட்டுச்சு மாமா. நாப்பத்தாறு வயசுல இப்படி ஒரு நுரையீரலா, வயசே தெரியலையே அக்கான்னு சொல்லுச்சு."

"உன் மூஞ்சியப் பாக்கவே இல்லையா?"

"முக்காடு, மாஸ்க்கு. குழாய வைக்க மாஸ்க்க ஒரு ஓரமா தூக்கினேன். பின்னாடி எரநூறு பேரு நிக்கறாங்க. ஆள யாரு பாக்கறா? அட்டையப் பாத்துச்சு, எழுதிக்கிச்சு."

கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்திருந்த அக்கா மூச்சை இழுத்துக்கொண்டு சொன்னாள். "எனக்கா கைதட்டினாங்க? இருபத்து மூணு வருசத்துல... மொத தடவை."

சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்காமல், கடைசியில் ராத்ரி முதுகைத் தடவ வேண்டியதாயிற்று. வாசலில் சைக்கிள் ரிக்‌ஷாவைத் துடைத்துக்கொண்டிருந்த அத்தான் சகிமான் பற்ற வைக்காமல் வாயில் வைத்திருந்த சிகரெட்டைக் கீழே போட்டு மிதித்தார். மறுப்புக் கடிதத்தில் தன்னைப் பற்றி எழுதியிருந்ததைப் படிக்கச் சொல்லிக் கேட்டதிலிருந்து அவர் வீட்டுப் பக்கம் பார்த்துப் புகை விடுவதில்லை. தெருவின் எதிர்ப்பக்கம் போய்த் தண்டனை வாங்கின பையன் மாதிரி நின்று பிடித்துவிட்டு வருவார்.

"பெருநாளுக்குப் பெருநாள் கம்பெனியிலேருந்து பத்து பாக்கெட்டு சிகரெட்டு குடுத்து அனுப்பினது யாரு?" என்று அவர் முணுமுணுத்தார். "இப்ப நான்தான் கொலகாரனாம்."

"நீங்க கொலகாரர்தான்," என்றாள் அக்கா. "அத நான் சொல்லுவேன். கட்டினவ நானு. அவங்க யாரு சொல்றதுக்கு?"

ஆய்வின் கணக்கைப் போட்டவன் மறுநாள் ஊருக்கு வந்திருந்தான். முடிவுகளை நிர்வாகத்துக்கு விளக்கிச் சொல்ல செமாராங் நகரத்திலிருந்து அனுப்பியிருந்தார்கள். அவன் ஹெஸ்து. நானும் அவனும் ஒரே கல்லூரியில் புள்ளியியல் படித்தவர்கள். நான் மூன்றாம் வருடத்தில் விட்டுவிட்டேன். ஏன் என்பது இந்தக் கதைக்குத் தேவையில்லை.

ஆலைக்கு எதிரே இருக்கிற சோத்தோ சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்து கோழிக் குழம்புச் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"அடப்பாவி, வாசிஸ்! நீ காணாமப் போனவன்தானேடா?"

"காணாமப் போகல. எதிர்லதான் ராத்திரி பூரா பெட்டி ஒட்டறேன். உன் தொண்ணூத்து நாலப் பாத்தேன்."

"நல்லா வந்திருக்குல்ல?"

"அந்த இருபது வருசக்காரங்க ஒவ்வொருத்தர் கணக்கும் வேணும். சராசரி வேணாம். பரவல் எப்படி இருக்குன்னு காட்டு."

அவன் கரண்டியை வைத்தான். யோசித்தான். பிறகு மடிக்கணினியைத் திறந்து என் பக்கம் திருப்பினான். பெயர்கள் இல்லை, வெறும் படம். நான் எதிர்பார்த்தது அப்படியே இருந்தது. எதிர்பார்த்ததால் கோபம் குறையவில்லை, கூடியது.

ஒருவரின் வயதுக்கும் உயரத்துக்கும் இவ்வளவு ஊத வேண்டும் என்று ஒரு அளவு உண்டு. அதை நூறு என்று வைத்துத்தான் சதவீதம் போடுவார்கள். சாதாரணமாக எல்லோரையும் அடுக்கினால் நூறை ஒட்டி நடுவில் ஒரு மேடு எழும்பும், இரண்டு பக்கமும் சரியும். இந்தப் படத்தில் இரண்டு மேடு. ஒன்று எழுபத்தைந்தில், தாங்களே ஊதிய அம்மாக்களுடையது; இன்னொன்று நூற்றுப் பதினைந்தில், அம்மாக்களின் வயதுக் கணக்கில் ஊதிய மகள்களுடையது. நடுவில் பள்ளம். தொண்ணூற்று நாலு அந்தப் பள்ளத்தில் இருந்தது. அங்கே ஆளே இல்லை. யாருக்கும் இல்லாத ஒரு மூச்சை எல்லாருடைய மூச்சு என்று எழுதிப் பலகையில் மாட்டியிருந்தார்கள்.

"இதப் பாத்துட்டு எப்படிடா கையெழுத்துப் போட்டே?"

"கேட்டேன்டா. ரெண்டு கூட்டம் கலந்த மாதிரி இருக்கே, வயசு தப்பா பதிஞ்சிருக்குமோன்னு மேனேஜர்கிட்டயே கேட்டேன். சில பேரு நல்லா ஊதுவாங்க, சில பேரு ஊத மாட்டாங்க, சராசரிய மட்டும் போடுன்னு சொல்லிட்டாரு. படம் பின்னிணைப்புல இருக்கு."

"பின்னிணைப்ப யாரு படிப்பா?"

"யாரும் படிக்க மாட்டாங்க," என்று ஒப்புக்கொண்டான்.

"ஊதும்போது இருமினவங்க?"

அவன் தேநீரைக் கலக்கினான்.

"டேய், உன்னத்தான். இருமினவங்க எங்க?"

"நிக்காம ஆறு செகண்டு ஊதணும். நடுவுல இருமினா அந்தச் சோதனை செல்லாது. மூணு தடவை வாய்ப்பு குடுத்துப் பாத்துட்டு எடுத்துடுவோம். அதுதான் விதி. நான் போட்ட விதி இல்ல."

"எத்தனை பேரு?"

"முப்பத்தொண்ணு."

"முப்பத்தொரு பொம்பளைங்க மூச்சு விட முடியாம இருமியிருக்காங்க. நுரையீரல் ஆய்வு. அவங்கள எடுத்துட்டீங்க. மிச்சம் இருக்கறவங்க ஆரோக்கியமா இருக்காங்கன்னு எழுதிட்டீங்க."

"கத்தாதடா, எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டும். புருசன் பிடிக்கற புகைதான் காரணம்னு எழுதியிருக்கே. அந்த நகரத்துப் பொம்பளைங்களோட புருசன் பிடிக்கலையா?"

"கிட்டத்தட்ட எல்லா வீட்லயும் பிடிக்கறாங்க. ரெண்டு பக்கமும் சமம். அத வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது. அந்த வரி நான் எழுதினது இல்ல, சத்தியமா." அவன் மேசை மேல் சாய்ந்தான். "வாசிஸ், அந்த ரெண்டாவது மேடு யாருன்னு உனக்குத் தெரியுது. சொல்லு. இன்னிக்கே அறிக்கைய நிறுத்தறேன்."

சொல்வதற்கு வாயைத் திறந்தேன்.

"வாசிஸு," என்று பின்னாலிருந்து ஒரு குரல். கஸ்மினி அக்கா. சுருட்டுப் பிரிவு மேஸ்திரி. அடுத்த பெஞ்சில் உட்கார்ந்து எவ்வளவு நேரமாகக் கேட்டுக்கொண்டிருந்தாளோ. "சோறு ஆறுது பாரு. வாயத் தொறந்தா சாப்பிட மட்டும் தொற."

என் கையைப் பிடித்துத் தெருவுக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"உனக்குப் படம் போட்டு வெளையாடணும்னா ராத்திரி அட்டைப் பெட்டியில போடு. அம்மா அட்டையில எத்தனை பொண்ணுங்க உக்காந்திருக்குதுங்கன்னு தெரியுமா? நீ ஒரு வார்த்தை சொன்னா அத்தனை பேரும் வெளிய. அம்மாவுக்கும் இடம் போச்சு, பொண்ணுக்கும் போச்சு. உன் அக்கா மூச்சு வந்துடுமா அப்போ?"

"அப்ப அவ செத்தாலும் பரவாயில்லையா?"

"பரவாயில்லன்னு நான் சொன்னேனா?" அவள் என் கையை விட்டாள். "வேற வழி இருந்தா சொல்லு. இல்லன்னா பொத்திக்கிட்டுப் போ."

வேறு வழி எனக்குத் தெரியவில்லை. ஹெஸ்து மத்தியானப் பேருந்தில் போய்விட்டான். நான் வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் கொட்டினேன். மேடு, பள்ளம், எடுக்கப்பட்ட முப்பத்தொரு பேர், புகை. ராத்ரி கூடையைக் கழுவிக்கொண்டே கேட்டாள். அக்கா தலையணையில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தாள். தூங்குகிறாள் என்று நினைத்தேன்.

"அந்த மேடு பள்ளமெல்லாம் எனக்கு வேணாம். ஒண்ணு மட்டும் சொல்லு," என்றாள். "அந்தக் காகிதத்துப்படி... நான் நல்லா இருக்கேனா?"

"ஆமா. நல்லா இருக்கே."

"வேலை செய்யலாமா?"

"தாராளமா."

அவள் கண்ணைத் திறந்தாள். "ராத்ரி, நாளைக்கு நீ போக வேணாம். அட்டைய எங்கிட்டக் குடு."

"அம்மா, விளையாடறியா? வாசல் வரைக்கும் நடக்க முடியல உனக்கு."

"உங்கப்பா வண்டி எதுக்கு இருக்கு?"

அத்தான் வேண்டாம் என்றார். நானும் வேண்டாம் என்றேன், ஆனால் அழுத்திச் சொல்லவில்லை. அவள் மனதில் இருப்பது எனக்குப் புரிந்துவிட்டது.

காலை ஆறு மணிக்கு என் வேலை முடிந்தது. நான் போகாமல் சுருட்டுக் கூடத்தின் கம்பி ஜன்னலுக்கு வெளியே நின்றேன். நானூறு பெண்கள் வரிசை வரிசையாக. அத்தான் அக்காவைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்து வாசலில் விட்டார். அவள் அட்டையைக் காட்டினாள். காவல்காரன் அட்டையைப் பார்த்தான், ஆளைப் பார்க்கவில்லை, உள்ளே விட்டான். தன் சுருட்டுப் பலகை முன்னால் போய் உட்கார்ந்தாள். ஜோடிக்காரி கையிலிருந்த கத்தரியைக் கீழே போட்டுவிட்டாள்.

"ஙத்மி அக்கா! நீங்களா?"

"ஆமா, நான்தான். என் இடம்தானே இது?"

தாளை வைத்து, புகையிலையை இட்டு, கட்டையை இழுத்தாள். கை மறக்கவில்லை. மூச்சுதான் ஒத்துழைக்கவில்லை. ஐந்தாவதோ ஆறாவதோ சுருட்டும்போது தூசி தொண்டையில் ஏறியது. இருமினாள். சாதாரண இருமல் இல்லை. உடம்பு மடிந்து பலகையில் நெற்றி முட்டுகிற இருமல். சுருட்டிய சிகரெட்டுகள் சிதறின. வாயைத் துடைத்துக்கொண்டு மறுபடி தாளை வைத்தாள். சிகரெட் மேல் யாராவது இருமினால் அந்தக் கட்டு முழுவதையும் ஒதுக்க வேண்டும், அது ஆலையின் சட்டம். பத்து மணிக்குள் அவளைச் சுற்றி ஒதுக்கின கட்டுகள் குவிந்தன.

கஸ்மினி அக்கா குனிந்து காதில் கத்தினாள். "பைத்தியமா உனக்கு? எந்திரி, வீட்டுக்குப் போ."

"எதுக்கு? நல்லா இருக்கேன்னு பலகையில போட்டிருக்கே. படிச்சவங்க சொன்னா பொய்யாவா இருக்கும்?"

அன்று மத்தியானம் குழாயடியில் ராத்ரி இதைத் தன் தோழிகளிடம் சொன்னாள். பாதி பெருமையாக, பாதி எரிச்சலாக. ஒரு நாள் கூலி அவளுக்கு நஷ்டம். தோழிகள் தங்கள் அம்மாக்களிடம் சொன்னார்கள். மறுநாள் காலை நான்கு பெண்கள் தங்கள் அட்டையோடு தாங்களே வந்தார்கள். ஒருத்தி சுவரைப் பிடித்துக்கொண்டே வந்தாள். ஒருத்தியை மகன் மோட்டார் சைக்கிளில் கட்டிப்பிடித்தபடி கொண்டுவந்து விட்டான். அடுத்த நாள் கூடம் முழுவதும் இருமல். ஒரு மூலையில் ஓய்ந்தால் இன்னொரு மூலையில் கிளம்பியது. ஒதுக்கின கட்டுகளை வைக்க இடமில்லை.

பர்சனல் மேனேஜர் விராவான் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தார். நானும் உள்ளே நுழைந்துவிட்டேன். யாரும் தடுக்கவில்லை.

"யாரு இவங்கல்லாம்?" என்று கஸ்மினி அக்காவைக் கேட்டார்.

அவள் இருமுகிறவர்களைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். நானாக இருந்தால் என்ன சொல்லியிருப்பேனோ தெரியவில்லை.

"அட்டைக்காரங்க ஐயா," என்றாள். "இருபது வருசத்துக்கு மேல இருக்கறவங்க. தொண்ணூத்து நாலு."

யாரோ சிரித்தார்கள். சிரித்தவளும் இருமினாள்.

"எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பு."

"அதெப்படிங்க?" என்றாள் என் அக்கா ஙத்மி. குரல் கீச்சுக் கீச்சென்று வந்தது, ஆனால் கூடம் அமைதியானதால் எல்லோருக்கும் கேட்டது. "அட்டை இருக்கு. உடம்பு நல்லா இருக்குன்னு நீங்களே எழுதியிருக்கீங்க. வேலை இல்லன்னு சொல்லணும்னா... உடம்பு சரியில்லன்னு எழுதிக் குடுங்க."

மேனேஜரின் முகத்தில் கணக்கு ஓடுவது தெரிந்தது. ஆலை மருத்துவரைக் கூப்பிட்டனுப்பினார். மருத்துவர் வந்து, அக்காவின் முதுகில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்டு, நெற்றியைச் சுருக்கி, காகிதத்தில் ஏதோ எழுதி நீட்டினார்.

"வாசிஸு, படி," என்றாள் அக்கா.

"வேலைக்குத் தகுதியில்லை, ஓய்வு தேவை," என்று படித்தேன். "அவ்வளவுதான்."

"எதனாலன்னு போட்டிருக்கா?"

"காரணம் உங்க வீட்லதாம்மா இருக்கு," என்றார் மேனேஜர். "உங்க வீட்டுக்காரரு..."

"நான்தான் பிடிச்சேன்!" என்று வாசலிலிருந்து அத்தான் கத்தினார். அவரைக் காவல்காரன் பிடித்துக்கொண்டிருந்தான். "நீங்க குடுத்ததத்தான் பிடிச்சேன்! இந்த ஊருல எவன் பிடிக்கல? ஐயா, நீங்க பிடிக்கறதில்லையா? உங்க வீட்டம்மா இப்படி இருமறாங்களா?"

எனக்குத் தாங்கவில்லை. "இவங்கள எல்லாம் தகுதியில்லன்னு வெளிய அனுப்பிட்டு அடுத்த வருசம் மறுபடி ஊதச் சொல்வீங்க!" என்று மேனேஜரின் முகத்துக்கு நேரே கத்தினேன். "நோயாளி எல்லாம் வெளிய போயிட்டா சராசரி நூறுக்கு ஏறும்! அதையும் பச்ச மையில எழுதி மாட்டுவீங்க!"

"வாசிஸு, சும்மா இரு," என்றாள் அக்கா. "ஏறினா ஏறிட்டுப் போகுது. எனக்கு இப்ப மூச்சு வேணும்." மருத்துவரைப் பார்த்தாள். "டாக்டர், நீங்க எழுதற வரைக்கும் நான் எந்திரிக்க மாட்டேன். இன்னும் ரெண்டு கட்டு இருக்கு எனக்கு."

தாளை எடுத்தாள். புகையிலையை இட்டாள். முகம் நீலம் பாய்ந்திருந்தது. உதடும் அப்படியே. அவளுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவர்களும் தாளை எடுத்தார்கள். மருத்துவர் மேனேஜரைப் பார்த்தார். மேனேஜர் எங்கோ பார்த்தார். மருத்துவர் வயதானவர். இந்தக் கூடத்துக்குள் அவர் வந்து எத்தனை வருடமாயிற்றோ, தொண்டையைச் செருமிக்கொண்டே இருந்தார். கடைசியில் காகிதத்தைத் திரும்ப வாங்கி ஒரு வரி சேர்த்தார்.

"படி."

"நீண்ட காலம் புகையிலைத் தூசியைச் சுவாசித்ததால் ஏற்பட்டிருக்கக்கூடிய நுரையீரல் நோய்."

"ஏற்பட்டிருக்கக்கூடியன்னா? உதவி கிடைக்குமா, கிடைக்காதா?"

"அந்த வார்த்தை போதும். இத அவங்களால தள்ள முடியாது," என்றேன்.

காகிதத்தை மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள். எழுந்திருக்கப் பார்த்தாள், முடியவில்லை. நானும் ஜோடிக்காரியும் தூக்கினோம். வாசலில் அத்தான் வண்டியைத் திருப்பி வைத்திருந்தார்.

பின்னால் ஒரு பெண் தன் பெஞ்சை இழுத்துப்போட்டு மருத்துவர் முன்னால் உட்கார்ந்தாள். அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி. மருத்துவர் இன்னும் காகிதம் கொண்டுவரச் சொன்னார். மேனேஜர் கஸ்மினி அக்காவிடம், "இவங்க இடத்துல இத்தனை நாளா யாரு உக்காந்திருந்தா? எல்லா பேரும் எனக்கு வேணும்," என்று சொல்வது கேட்டது.

ஆலை வாசலில் ராத்ரி நின்றிருந்தாள். அம்மாவை வண்டியில் ஏற்ற உதவினாள். ஈரத் துணியால் முகத்தைத் துடைத்துவிட்டாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"பேரு கேக்கறாங்களாமே."

"ஆமா."

"அப்ப எனக்கு வேலை?"

அவள் என்னைப் பிடித்துத் தள்ளிவிட்டு, வண்டியில் அம்மாவுக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாள். அத்தான் மிதிக்க ஆரம்பித்தார். ஆஸ்பத்திரி வரை மேடு. நான் பின்னாலிருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு போனேன்.